கதையில் இல்லாத பொட்டு

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நான் வேலைக்குப் போகிற ஊர்கள் பெரும்பாலும் நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கின்றன. ஒரு சிறுகதையைப் படித்து முடிக்க எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகும். மிச்சம் ஐந்து நிமிடம் குறிப்பு எழுத. இந்த அளவு பொருந்தியதால்தான் எனக்குக் கதை படிக்கும் பழக்கமே வந்தது. அதற்கு முன்னால் நான் விரும்பிப் படித்தவை மோட்டாரோடு பெட்டியில் வரும் கையேடுகள்.

நான் மின்பொறியியல் படித்தவள். விவசாய ஆழ்துளைக் கிணறுகளுக்கு, எங்கள் பேச்சில் போர்களுக்கு, சோலார் பம்பு அமைத்துத் தரும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை. கல்லூரித் தோழி ஒருத்தி ஒருநாள் ஓர் இணைப்பை அனுப்பி, உன் ஆபீஸைப் பற்றி யாரோ கதை எழுதுகிறார்கள் பார் என்று கேலி செய்திருந்தாள். சோலார்பங்க் என்று ஒரு வகையாம். எதிர்காலக் கதைகள்தான், ஆனால் அவற்றில் உலகம் அழிவதில்லை. வெயிலிலும் காற்றிலும் ஓடும் ஊர்கள், மொட்டை மாடியெல்லாம் தோட்டம், சண்டை வந்தால் கூடி உட்கார்ந்து பேசித் தீர்க்கிற மனிதர்கள். ஆங்கிலத்தில் நிறையக் கிடைத்தன. தமிழில் ஒன்றிரண்டுதான்.

எனக்குப் பிடித்திருந்தது. கூடவே சந்தேகமும் இருந்தது. அதற்காக ஒரு நோட்டு போட்டேன். ஒவ்வொரு கதைக்கும் நான்கு கட்டங்கள்: எது எதனால் ஓடுகிறது, பழுதானால் யார் சரிசெய்கிறார், மழைக்காலத்தில் என்ன செய்கிறார்கள், பேனலை யார் கழுவுகிறார். முதல் கட்டம் எப்போதும் நிரம்பி வழியும். மூன்றாவதில் ஏதாவது ஒரு பேட்டரி பெயர் இருக்கும். நான்காவது கட்டம் பெரும்பாலும் காலி. அந்த ஊர்களில் தூசி படிவதில்லை. மயில் வந்து உட்காருவதில்லை. ஒருவரும் ஒரு போல்ட்டைக்கூட முறுக்குவதில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு கதையில் நான்காவது கட்டம் முழுக்க நிரம்பியது. ஏரிக்கரையில் ஒரு சிறிய ஊர். ஊருக்குப் பொதுவான பேனல்களை ஆண்டு முழுக்க ஒரு வயதான பெண் கழுவுகிறாள். ஆண்டுக்கு ஒருநாள் விழா. அன்று விழாவைத் தொடங்கிவைக்கும் உரிமை ஊர்த்தலைவருக்கு இல்லை, கழுவுகிறவளுக்குத்தான். அவ்வளவுதான் கதை. நான் அதை மூன்று முறை படித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நல்லம்பள்ளிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஓர் அக்காவின் நிலத்தில் பம்பு அமைத்துக்கொண்டிருந்தோம். கணவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. ஒன்றரை ஏக்கர், தனியாகவே பார்க்கிறார். அவர் போரில் மோட்டார் கிடையாது. பக்கத்து வரப்பில் இருக்கும் கொழுந்தனாரின் கரண்டு மோட்டாரிலிருந்துதான் இத்தனை நாள் தண்ணீர், அதுவும் கொழுந்தனார் வயல் பாய்ந்து முடிந்த பிறகு. சோலார் வருவது உறுதியானதும் அக்கா கொழுந்தனாரிடம் போய், இனிமேல் உங்கள் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்ன விதத்தில் கொஞ்சம் சூடு இருந்திருக்கிறது. திரும்பிப் போய்க் கேட்க முடியாத அளவுக்குச் சூடு.

அது நான் தனியாகக் கணக்குப் போட்ட முதல் பம்பு. போரின் ஆழம், தண்ணீர் நிற்கும் மட்டம், நிலத்தின் அளவு, பயிர் எல்லாம் எழுதிப் பார்த்து ஐந்து எச்பி மோட்டார் போதும் என்றேன். எங்கள் ஃபிட்டர் அண்ணனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏழரை போட்டுவிடுங்கள், பின்னால் பேச்சு வராது என்றார். தேவைக்கு மேல் போட்டால் அந்த போர் தாங்காது, சீக்கிரம் வறளும் என்றேன். நிறுவனத்தை நடத்தும் சார் எங்கள் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, "உன் கணக்கு, உன் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டார்.

மூன்று நாள் வேலை. இரண்டாம் நாள் மதியம் கான்கிரீட் காய்கிற நேரத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா ராகிக்களியும் கீரைக்குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்படி என்னதான் பார்க்கிறீர்கள், சிரிக்கவும் இல்லை அழவும் இல்லை என்றார். கதை என்றேன். என்ன கதை என்றார். பேனல் கழுவும் பெண்ணின் கதையைச் சொன்னேன்.

சொல்லும்போது நிறைய மாற்றினேன். வெளிநாட்டுப் பெயர்களை எடுத்துவிட்டேன். ஏரிக்கரை ஊர் ஒகேனக்கல் மாதிரி ஓர் ஆற்றோர ஊர் ஆனது. படகு பரிசலாகிவிட்டது. கோதுமை ராகியானது. விழா என்று சொன்னால் போதுமா, எந்த மாதிரி விழா என்று அக்கா கேட்டார். ஆயுதபூஜை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், பேனலுக்குப் பேனல் பொட்டு வைத்து மாலை போடுவார்கள், அதை அந்தம்மாதான் முதலில் செய்யும் என்றேன். சாப்பிட்டபடி, யோசிக்காமல் சொன்னது.

 கழுவுகிறவர்தான் பொட்டு வைப்பாரா, வேறு யாரும் குறுக்கே வரமாட்டார்களா என்று அக்கா கேட்டார். ஆமாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பம்பு ஓடிய நாளில் மூன்று அங்குலக் குழாய் நிறைந்து தண்ணீர் கொட்டியது. தினமும் காலையில் வெயில் ஏறுமுன் பேனலை எப்படிக் கழுவ வேண்டும் என்று காட்டினேன். சோப்பு கூடாது, சொரசொரப்பான நார் கூடாது, மூங்கில் கழியில் பழைய வேட்டித்துணி கட்டிக்கொள்ளலாம், ஏணியை எங்கே சாய்க்கலாம், எங்கே சாய்க்கக் கூடாது. ஐந்து வரிகளில் தமிழில் எழுதி கன்ட்ரோல் பெட்டியின் உட்பக்கம் ஒட்டினேன். அக்கா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

ஆயுதபூஜை வந்து போனது. அந்த வருடம் புரட்டாசி மழை ஏமாற்றிவிட்டது. பூஜை முடிந்து பத்து நாளிருக்கும், அக்காவிடமிருந்து போன். தக்காளி நாற்று நட்டு ஆறு நாள் ஆகிறது, தண்ணீர் மெல்லிசாக வருகிறது, மதியம் மட்டும் கொஞ்சம் தேறுகிறது, அதற்குள் கடைசிப் பாத்திவரை ஈரம் போவதில்லை என்றார். குரலில் குறை சொல்கிற தொனி இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கேள்விப் பட்டியல் ஒன்று எங்களிடம் உண்டு. அதை வரிசையாகக் கேட்டேன். பேனல் மேல் மரநிழல், கொடி, கம்பி ஏதாவது விழுகிறதா? இல்லை. கண்ணாடி உடைந்திருக்கிறதா? இல்லை. மயில் எச்சம்? அன்றைக்கன்றே வழித்துவிடுகிறேன். கழுவுகிறீர்களா? தினமும் காலையில். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? பச்சைதான். எல்லாப் பதிலும் சரியாக இருந்தது. எல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: என் கணக்கு.

ஃபிட்டர் அண்ணன் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார், வர நான்கு நாளாகும். சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பம்பு சின்னதாகப் போய்விட்டது என்றால் மாற்றித் தருவோம், ஆனால் ஆர்டர் போட்டு வந்துசேர மாசியாகிவிடும் என்றார். மாசிவரை தக்காளி நாற்று காத்திருக்காது. அக்கா கொழுந்தனார் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் பயிரை விட வேண்டும்.

அந்த வாரம் என்னால் ஒரு கதையும் படிக்க முடியவில்லை. பேருந்தில் ஒன்றைத் திறந்தேன். கடலோர ஊர், உப்பளம், காற்றாடிகள். பாதியில் ஒரு பாத்திரம், இங்கே எல்லாருக்கும் போதுமான தண்ணீர் இருக்கிறது என்று சொன்னது. போனை மூடிப் பையில் போட்டுவிட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மறுபடி என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து எச்பி. மறுபடி போட்டேன். ஐந்து எச்பி. தவறு எங்கே என்று தெரியாமல் இருப்பது, தவறு செய்ததைவிடப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை தனியாகவே போனேன். வரப்பில் கொழுந்தனார் நின்றிருந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பம்பைப் பார்த்து, என்னைப் பார்த்து, "என்னாங்க மேடம், சூரியனுக்கு லீவுங்களா?" என்றார். நேரே பாத்திப் பக்கம் நடந்தேன். அக்கா நாற்றுகளுக்குக் குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். இலைகள் காலையிலேயே தொங்கியிருந்தன. முன்பக்கப் பாத்திகள் பரவாயில்லை. கடைசி நான்கு வரிசை அன்றோ மறுநாளோ போய்விடும்.

பெட்டியைத் திறந்தேன். நான் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. மோட்டாரை நிறுத்தி வோல்டேஜ் பார்த்தேன், சரியாக இருந்தது. ஓடவிட்டேன், சரிந்தது. திரையில் மோட்டாரின் வேகத்தைக் காட்டும், ஐம்பதைத் தொட வேண்டிய எண் முப்பத்தொன்றில் நின்றது. பத்தரை மணி வெயில், மேகம் இல்லை. வயர்களைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. எர்த் சரி. போரில் தண்ணீர் மட்டம் நான் எழுதி வைத்திருந்ததைவிட இரண்டடி மேலேதான் இருந்தது. ஒவ்வொன்றாக நோட்டில் டிக் அடித்தேன். 

கடைசியாக மிஞ்சியது ஏணி. எங்கள் பேனல்கள் ஏழடி உயரத்தில், கொஞ்சம்தான் சாய்ந்து, வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். கீழே நிற்கிறவர்களுக்கு மேற்பரப்பு தெரியாது. ஏணியைச் சாய்த்து ஏறினேன்.

பதினாறு பேனல்கள். பதினாறிலும் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீற்றுப் பட்டை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. நடுவில் உள்ளங்கையளவு சந்தனம், அதன்மேல் குங்குமம். கெட்டியாக, அழகாக. மற்ற இடமெல்லாம் கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஒரு துளி தூசி இல்லை. பட்டைகளின் ஓரத்தை ஒட்டிக்கூடத் துணி போய்வந்திருந்தது, பட்டையின் மேல் மட்டும் போகவில்லை.

ஏணியிலேயே நின்றேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமில்லாத நிம்மதி. என் கணக்கு தவறில்லை. பேனலுக்குள் இருக்கும் செல்கள் வரிசையாக நின்று சிமெண்ட் சட்டி கைமாற்றுகிற ஆட்கள் மாதிரி. நடுவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால் அந்த வரிசையே நிற்கும். பதினாறு வரிசையிலும் அப்படிக் கைகட்டிய ஆட்கள் நின்றிருந்தார்கள். அதற்கு மேலும் மோட்டார் முப்பத்தொன்று காட்டியது என்றால் அது நல்ல மோட்டார்.

பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. பேனலுக்குப் பேனல் பொட்டு வைத்து மாலை போடுவார்கள்.

இறங்கி வந்து அக்காவிடம் பதமாகச் சொன்னேன். பொட்டு வைத்த இடத்தில் வெயில் இறங்குவதில்லை, அதனால் மொத்தமும் தளர்கிறது, துடைத்துவிட்டால் இன்றைக்கே தண்ணீர் வந்துவிடும். அக்காவுக்குப் புரிந்தது.  குடத்தைக் கீழே வைத்தார். ஆனால் ஏணிப் பக்கம் நகரவில்லை. பூஜையன்று வைத்த பொட்டு கலைந்துவிடக் கூடாது என்று அதை விட்டுவிட்டுக் கழுவியதாகவும், வெள்ளிக்கிழமை கொஞ்சம் மங்கினது போலத் தெரிந்ததால் மேலே இன்னொரு தடவை வைத்ததாகவும் சொன்னார். கொழுந்தனார் வீட்டில் மோட்டாருக்குப் பூஜை போடும்போது ஐந்து வருடமாகத் தள்ளித்தான் நிற்பாராம். யாரும் போ என்று சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. இந்த வருடம்தான் தன் கையால் வைத்தார்.

நான் வேண்டுமானால் ஏறித் துடைக்கிறேன் என்றேன்.

"வேணாம் பாப்பா." அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "பொட்டு அழிச்சதை ஒருக்கா பாத்துட்டேன். என் நெத்தியிலயே பாத்தேன். எங்காட்டுல இன்னொருக்கா யாரும் அழிக்க வேணாம். நாத்து போனா போவுது."

நாற்று போனால் போகட்டும் என்கிற ஆள் இல்லை அவர். அதைச் சொல்லிவிட்டு அவர் பார்வை கடைசி வரிசைக்குத்தான் போனது.  எந்தக் கையேட்டிலும் இதற்குப் பக்கம் இல்லை. தெரிந்தது ஒன்றுதான், ஒப்புக்கொள்ள வேண்டியது.

"அக்கா, அந்தக் கதையில பொட்டே இல்லீங்க. நான்தான் சேத்துச் சொன்னேன்."

நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவங்க என்னதான் பண்ணாங்க?"

"கலர் துணி கட்டுவாங்க. பேனல்ல இல்லீங்க, அது நிக்கிற கம்பத்துல."

"யாரு கட்டுவாங்க?"

"கழுவுறவங்கதான் மொதல்ல."

"அது நெசமா, அதுவும் நீ சேத்ததா?"

"அது கதையிலயே இருக்குதுங்க."

படித்துக் காட்டச் சொன்னார். போனை எடுத்து அந்த இடத்தைத் தேடினேன். ஆங்கிலத்திலேயே படிக்கச் சொன்னார், படித்தேன். பிறகு தமிழில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன், இந்தமுறை எதையும் மாற்றாமல். ஏரி ஏரியாகவே இருந்தது, கோதுமை கோதுமையாகவே. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். கம்பம் என்ற வார்த்தை ஆங்கிலத்தில் எது என்று காட்டச் சொல்லி, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"கதைகாரி ஒழுங்காத்தான் எழுதியிருக்குறா," என்றார். "சொன்னவதான் சரியில்ல."

பிறகு வீட்டுக்குப் போய்க் குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும் கொண்டுவந்தார். பேனல்களைத் தாங்கும் இரும்புக் கால்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு நேரான உயரத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். அவசரப்படவில்லை. பழைய மஞ்சள் புடவை ஒன்றின் ஓரத்தைக் கிழித்து, முதல் காலில் கட்டினார். ஒரு நிமிடம் நின்றார். அதன்பிறகு ஏணியை எடுத்துத் தானே சாய்த்தார்.

துணியைத் தொடவில்லை. கையாலும் தேய்க்கவில்லை. நான் கீழிருந்து குடம் குடமாக எடுத்துக்கொடுத்தேன், அவர் மேலிருந்து ஊற்றினார். கண்ணாடி சூடேறியிருந்ததால் ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாக ஊற்றச் சொன்னேன். அழிக்கவில்லை, குளிப்பாட்டுகிறோம், அவ்வளவுதான் என்றார். சந்தனம் கரைய நேரம் பிடித்தது. சில பேனல்களுக்கு நான்கு குடம் ஆனது. சிவப்பும் மஞ்சளுமாய்த் தண்ணீர் ஓரத்தில் வழிந்து என் சட்டைக்கையில் விழுந்தது. ஏழாவது பேனலுக்குப் பிறகு நான் பெட்டிக்கு ஓடி ஓடித் திரையைப் பார்த்தேன். முப்பத்தாறு. நாற்பத்தொன்று. பதினாறாவது முடிந்தபோது நாற்பத்தொன்பது. ஐம்பதாக அது மாறுவதை நின்று பார்த்தேன்.

குழாயில் தண்ணீரின் சத்தம் மாறியது. சலசலப்பு போய் ஒரு கனமான ஓசை. வாய்க்கால் நிறைந்து, பாத்தி பாத்தியாகப் போய், கால் மணி நேரத்தில் கடைசி வரிசையில் மண் கறுத்தது. அக்கா மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டே போனார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தேன். 

கொழுந்தனார் தன் வரப்பிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டார். கேலியில்லாமல்தான் கேட்டார்.

"லீவு முடிஞ்சு வேலைக்கு வந்துட்டாருங்க," என்று அக்கா மடையைத் திருப்பியபடி சொன்னார். அவரும் சிரித்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து அக்கா போன் செய்தார். கடைசி வரிசையில் ஒன்பது செடி போய்விட்டது, மற்றது எல்லாம் நிமிர்ந்துவிட்டது என்றார். அலுவலகத்தின் கேள்விப் பட்டியலில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: பேனல் மேல் பொட்டு, பட்டை, மாலை உண்டா? சார் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஃபிட்டர் அண்ணன், அரூர் பக்கம் இரண்டு இடத்தில் தானும் பார்த்திருப்பதாகவும், யாரும் கேட்காததால் சொல்லவில்லை என்றும் சொன்னார். பொட்டைப் பேனல் தாங்கும் கால்களில் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அழியாத மைப் பேனாவால் அதனடியில் எழுதினேன்.

ஆனால் இதெல்லாம் பின்னால். அன்று மதியம் மூன்று மணிப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சட்டைக்கை இன்னும் ஈரமாக, குங்குமக் கறையோடு இருந்தது. போனை எடுத்து, வாரத் தொடக்கத்தில் மூடிவைத்த உப்பளக் கதையைத் திறந்தேன். எல்லாருக்கும் போதுமான தண்ணீர் இருக்கிறது என்று அந்தப் பாத்திரம் சொன்ன வரியிலேயே அது நின்றிருந்தது. அடுத்த வரியில் இன்னொருத்தி, போன மாதம் குழாய் அடைத்ததை மறந்துவிட்டாயா என்று கேட்கிறாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அந்த அடைப்பை எப்படி எடுத்தார்கள் என்பதுதான் மிச்சக் கதை. ஒரு வரி மட்டும் பொறுத்திருந்தால் போதும், அந்த வாரம் முழுக்க எனக்குத் துணை இருந்திருக்கும்.

நல்லம்பள்ளி தாண்டுவதற்குள் முடித்துவிட்டேன். நோட்டை எடுத்து நான்கு கட்டங்களையும் நிரப்பினேன். பிறகு பழைய பக்கத்துக்குப் போய், ஏரிக்கரை ஊர்க் கதையின் நான்காவது கட்டத்தில், கழுவுகிற பெண் என்று நான் முன்பு எழுதியிருந்ததன் கீழே, கம்பத்தில் துணி கட்டுகிறாள் என்று சேர்த்தேன். முதல் தடவை அதை எழுதாமல் விட்டிருந்தேன்.